ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன்: வாழ்வும் கதைகளும்

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் (ஏப்ரல் 2, 1805 – ஆகஸ்ட் 4, 1875) டென்மார்க்கைச் சேர்ந்த எழுத்தாளர். கவிதை, நாடகம், நாவல், பயண நூல், தன்வரலாறு எனப் பல வடிவங்களில் எழுதினார். ஏறத்தாழ 156 தேவதைக் கதைகளும் சிறு கதைகளும் அவருக்கு உலகப்புகழைத் தந்தன. ‘அழகற்ற வாத்துக்குஞ்சு’, ‘சின்ன கடற்கன்னி’, ‘சக்கரவர்த்தியின் புத்தாடை’, ‘தீக்குச்சி விற்கும் சிறுமி’, ‘பனி அரசி’ ஆகியவை அவருடைய பரவலாக அறியப்பட்ட கதைகள். குழந்தைகளுக்கான எழுத்தாளர் என்றே பொதுவாக அறியப்படுகிறார். அவருடைய சிறந்த கதைகள் வறுமை, அவமதிப்பு, ஏற்கப்படாத அன்பு, மரணம் ஆகியவற்றைப் பேசுபவை. அவற்றைக் குழந்தைக் கதைகளாக மட்டும் வாசிக்கும் வழக்கம் அவருடைய இலக்கியத் தகுதியை மறைத்துள்ளது.

பிறப்பு, இளமை

ஆண்டர்சன் டென்மார்க்கின் ஃபின் தீவிலுள்ள ஓடென்ஸ நகரில் பிறந்தார். தந்தை ஹான்ஸ் ஆண்டர்சன் காலணி தைக்கும் தொழிலாளி. ஓரளவு படித்தவர். மகனுக்கு ஆயிரத்தொரு இரவுகள் கதைகளையும் டேனிய நாடக ஆசிரியர் ஹோல்பெர்கின் நாடகங்களையும் வாசித்துக் காட்டினார். பொம்மை நாடக அரங்கு ஒன்றையும் செய்து கொடுத்தார். தாய் ஆன் மரி எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆற்றுநீரில் நின்று பிறர் துணிகளைத் துவைத்துக் கொடுத்துப் பிழைத்தார். அவர் சிறுமியாக இருந்தபோது பிச்சையெடுக்க அனுப்பப்பட்டதாகவும், கேட்க மனம் வராமல் பாலத்தடியில் அமர்ந்து அழுததாகவும் ஆண்டர்சன் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். தந்தைவழித் தாத்தா மனநலம் குன்றியவர். தெருச் சிறுவர்கள் அவரைக் கேலி செய்து துரத்தியதைப் பேரன் கண்டிருக்கிறார். அந்த நிலை தனக்கும் வருமோ என்ற அச்சம் ஆண்டர்சனுக்கு வாழ்நாள் முழுவதும் இருந்தது.

தந்தை 1816-ல் இறந்தார். தாய் மறுமணம் செய்துகொண்டார். பாடுவதிலும் நடிப்பதிலும் ஆர்வம் கொண்ட ஆண்டர்சன் 1819 செப்டம்பரில், தன் 14-ஆவது வயதில், நடிகராகும் கனவுடன் தனியாகத் தலைநகர் கோபன்ஹேகனுக்குச் சென்றார்.

கல்வி

கோபன்ஹேகனின் அரச நாடக அரங்கில் பாடகராகவும் நடனக்காரராகவும் இடம்பெற ஆண்டர்சன் முயன்றார். குரல் உடைந்ததால் பாட்டு கைவிட்டது. நெடிய, ஒல்லியான உடல் நடனத்துக்குப் பொருந்தவில்லை. எழுதிக் கொடுத்த நாடகங்கள் பிழை மலிந்தவை என்று திருப்பி அனுப்பப்பட்டன. ஆனால் நாடக அரங்கின் நிர்வாகிகளில் ஒருவரான யோனாஸ் கொலின் அவரிடம் திறமை இருப்பதாக எண்ணினார். அவருடைய முயற்சியால் அரச நிதியுதவி கிடைத்து, 1822-ல் ஸ்லாகல்ஸ நகரப் பள்ளியில் ஆண்டர்சன் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 17. உடன் படித்தவர்கள் அவரைவிடப் பல வயது இளைய சிறுவர்கள்.

தலைமையாசிரியர் சைமன் மைஸ்லிங் அவரை மாணவர்கள் முன் இழிவாகப் பேசினார். கவிதை எழுதவும் தடை விதித்தார். மைஸ்லிங் ஹெல்சிங்கருக்கு மாறியபோது ஆண்டர்சனும் உடன் சென்றார். தடையை மீறி அவர் அங்கு எழுதிய ‘இறக்கும் குழந்தை’ என்ற கவிதை பின்னர் பல மொழிகளில் புகழ்பெற்றது. சாகும் தறுவாயிலுள்ள குழந்தையே தாயிடம் பேசுவதாக அமைந்த கவிதை அது. பெரியவர்களின் துயரை எளிய குழந்தைக் குரலில் சொல்லும் முறை அதில் தொடங்கிவிட்டது. 1828-ல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார். பிந்தைய ஆண்டுகளிலும் பள்ளி நாட்கள் அவருடைய கெட்ட கனவுகளில் வந்துகொண்டிருந்தன.

தனிவாழ்க்கை

ஆண்டர்சன் திருமணம் செய்துகொள்ளவில்லை. சொந்த வீடும் பெரும்பாலும் இல்லை. விடுதி அறைகளிலும் நண்பர்களின் மாளிகைகளிலும் வாழ்ந்தார். நண்பரின் தங்கை ரீபோர்க் வோய்ட், ஸ்வீடிஷ் பாடகி ஜென்னி லிண்ட் ஆகியோர்மீது அவர் கொண்ட காதல் நிறைவேறவில்லை. ஆண்கள் சிலர்மீதும் ஆழ்ந்த பற்றுக் கொண்டிருந்தார் என்பதை அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன. அவர்களில் முதன்மையானவர் யோனாஸ் கொலினின் மகன் எட்வர்ட் கொலின்.

1831-ல் ஆண்டர்சன் எட்வர்டுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். இருவரும் ஒருவரையொருவர் ‘நீ’ என்று அழைத்துக்கொள்ளலாம் என்பதே அது. எட்வர்ட் மறுத்துவிட்டார். டேனிய மொழியில் அக்காலத்தில் நெருங்கியவர்களை ஒருமையிலும் மற்றவர்களை மரியாதைச் சொல்லாலும் அழைத்தனர். கொலின் குடும்பம் ஆண்டர்சனுக்கு உணவும் கல்வியும் ஆதரவும் தந்தது. ஆனால் அவர் அக்குடும்பத்தின் மகன் அல்ல என்பதை அந்த ஒரு சொல் நினைவூட்டிக்கொண்டே இருந்தது. தமிழிலும் ‘நீ’, ‘நீங்கள்’ என்ற வேறுபாடு உண்டு என்பதால் இம்மறுப்பின் வலியைத் தமிழ் வாசகர் எளிதில் உணரமுடியும். ஆண்டர்சனின் கதைகளுக்குள் நுழைய இது ஒரு முக்கியமான வாசல்.

இலக்கிய வாழ்க்கை

ஆண்டர்சன் 1829-ல் வெளியிட்ட கற்பனைப் பயண நூல் அவரைக் கோபன்ஹேகன் வாசகர்களிடையே அறிமுகப்படுத்தியது. 1833-34-ல் அரச உதவியுடன் பிரான்ஸ், இத்தாலி நாடுகளில் பயணம் செய்தார். தாய் இறந்த செய்தி ரோமில் இருந்தபோது அவருக்குக் கிடைத்தது. அப்பயணத்தின் விளைவான ‘இம்ப்ரோவிசேட்டர்’ என்ற நாவல் 1835-ல் வெளிவந்து வெற்றிபெற்றது.

அதே ஆண்டு மே மாதம் ‘குழந்தைகளுக்குச் சொல்லப்பட்ட கதைகள்’ என்ற தலைப்பில் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். ‘சிக்கிமுக்கிப் பெட்டி’, ‘சின்ன கிளாஸும் பெரிய கிளாஸும்’, ‘இளவரசியும் பட்டாணியும்’, ‘சிறுமி ஈடாவின் பூக்கள்’ ஆகிய நான்கு கதைகள் அதில் இருந்தன. நண்பரும் இயற்பியலாளருமான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட், நாவல் ஆண்டர்சனைப் புகழ்பெறச் செய்யும், கதைகளோ அவரை அழியாதவராக்கும் என்றார். ஆண்டர்சன் அதை அப்போது நம்பவில்லை. மதிப்புரையாளர்கள் சிலரும் கதைகளை விரும்பவில்லை. அவற்றில் நீதி இல்லை, பேச்சுமொழி எழுத்துக்கு உகந்ததல்ல என்று குறை கூறினர்.

1837-ல் ‘சின்ன கடற்கன்னி’, ‘சக்கரவர்த்தியின் புத்தாடை’ ஆகியவை ஒரே தொகுப்பில் வெளிவந்தன. 1838-ல் ‘உறுதியான தகரச் சிப்பாய்’ வந்தது. அதே ஆண்டு மன்னர் ஆறாம் ஃபிரெடெரிக் அவருக்கு ஆண்டு உதவித்தொகை வழங்கினார். 1843 இறுதியில் ‘அழகற்ற வாத்துக்குஞ்சு’, ‘நைட்டிங்கேல்’ ஆகியவை அடங்கிய ‘புதிய கதைகள்’ வெளியானது. ‘குழந்தைகளுக்குச் சொல்லப்பட்ட’ என்ற தொடர் இந்நூலின் தலைப்பில் இல்லை. குழந்தை கேட்டுக்கொண்டிருக்கும்போது அருகிலிருக்கும் பெரியவருக்கும் யோசிக்க ஏதேனும் இருக்கவேண்டும் என்பதே ஆண்டர்சனின் எண்ணம். 1850-களில் தொகுப்புகளின் தலைப்பில் ‘தேவதைக் கதை’ என்பதுடன் பொதுவான ‘கதை’ என்ற சொல்லையும் பயன்படுத்தத் தொடங்கினார்.

மொழிநடை

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812 முதல் நாட்டார் கதைகளைத் திரட்டி வெளியிட்டனர். ஆண்டர்சன் தொகுப்பாளர் அல்ல. தொடக்ககாலக் கதைகள் சிலவற்றுக்குச் சிறுவயதில் கேட்ட நாட்டார் கதைகள் அடிப்படையாக இருந்தன. பிற்காலக் கதைகளில் பெரும்பாலானவை அவரே உருவாக்கியவை.

அவருடைய முதன்மைப் பங்களிப்பு பேச்சுமொழியை எழுத்துக்குக் கொண்டுவந்தது. நீண்ட முன்னுரையோ விளக்கமோ இல்லாமல் கதை நடுவழியில் தொடங்குகிறது. ஓசைச் சொற்களும் பாதியில் நிற்கும் வாக்கியங்களும் கேட்பவரை நேரடியாக நோக்கும் கேள்விகளும் நிறைந்த நடை அது. இரண்டாவது புதுமை, கதைமாந்தர்களாக அவர் தேர்ந்தெடுத்தவை. ஒற்றைக்கால் தகரச் சிப்பாய், தையல் ஊசி, சட்டைக் கழுத்துப்பட்டை, பம்பரம், கிறிஸ்துமஸ் முடிந்ததும் தூக்கியெறியப்படும் ஃபிர் மரம் ஆகியவை பேசுகின்றன. அவை மனிதர்களைப் போலவே தற்பெருமையும் ஏக்கமும் கொண்டவை. ஏழை வீட்டுக் குழந்தைக்கு விளையாடக் கிடைக்கும் பொருட்களும் இவைதான்.

முதன்மைக் கதைகள்

சக்கரவர்த்தியின் புத்தாடை

இக்கதையின் மூலம் 14-ஆம் நூற்றாண்டு ஸ்பானிய எழுத்தாளர் டான் ஹுவான் மானுவேலின் நூலில் உள்ளது. மூலக்கதையில், முறையான தந்தைக்குப் பிறக்காதவரின் கண்ணுக்கு அந்தத் துணி தெரியாது. ஆண்டர்சன் அதை, பதவிக்குத் தகுதியற்றவர்களுக்கும் முட்டாள்களுக்கும் தெரியாது என்று மாற்றினார். பிறப்பைப் பற்றிய அச்சம் வேலை பறிபோகும் அச்சமாக மாறியது. இந்த மாற்றத்தால் கதை நவீன அரசு அலுவலகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் பொருந்துவதாகிவிட்டது.

சக்கரவர்த்தி உடையில்லாமல் வருகிறார் என்று சொல்லும் குழந்தை முதல் கைப்பிரதியில் இல்லை. நூல் அச்சுக்குப் போகும் கட்டத்தில் ஆண்டர்சன் அதைச் சேர்த்தார். பலரும் மறந்துவிடுவது அதற்குப் பின் வரும் பகுதியை. உண்மை ஊரறிந்த பிறகும் சக்கரவர்த்தி நிற்பதில்லை. முன்னைவிட நிமிர்ந்து நடக்கிறார். பணியாளர்கள் இல்லாத அங்கியின் நுனியைத் தாங்கிச் செல்கிறார்கள். உண்மை சொல்லப்பட்டாலே அதிகாரம் வீழ்ந்துவிடும் என்ற நம்பிக்கையைக் கதை தருவதில்லை. அதன் கூர்மை இம்முடிவில்தான் உள்ளது.

சின்ன கடற்கன்னி

கடற்கன்னி மனிதனின் காதலுக்காக மட்டுமல்ல, அழியாத ஆன்மாவுக்காகவும் ஏங்குகிறாள். கால்களுக்கு விலையாகத் தன் நாவைக் கொடுக்கிறாள். ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதுபோல் வலிக்கிறது. இளவரசன் அவளிடம் பிரியமாக இருக்கிறான், ஆனால் வேறொருத்தியை மணக்கிறான். அவனைக் கொன்றால் மீண்டும் கடலுக்குத் திரும்பலாம் என்றபோதும் அவள் கத்தியை எறிந்துவிடுகிறாள்.

எட்வர்ட் கொலினின் திருமணம் 1836-ல் நடந்தது. மறுஆண்டு இக்கதை வெளிவந்தது. ஆகவே இதை ஆண்டர்சனின் சொந்தத் துயரமாகப் பலர் வாசித்துள்ளனர். அவ்வாசிப்புக்கு இடமுண்டு. ஆனால் கதை அதைவிட விரிவானது. தனக்குரியதல்லாத உலகில் இடம்பெற விரும்புபவர் முதலில் இழப்பது தன் குரலை என்பதை இக்கதை காட்டுகிறது. ஓடென்ஸவின் வட்டார வழக்கிலிருந்து தலைநகரின் திருத்தமான மொழிக்குச் சென்றவருக்கு அது தெரிந்திருந்தது.

கதையின் இறுதியில் கடற்கன்னி காற்றின் மகள்களுடன் சேர்கிறாள். 300 ஆண்டுகள் நற்செயல் செய்தால் ஆன்மா கிடைக்கும். நல்ல குழந்தைகளால் அக்காலம் குறையும், கெட்ட குழந்தைகளால் கூடும். கதையின் கனத்துக்குப் பொருந்தாமல் ஒட்டவைத்த அறிவுரையாகவே இது நிற்கிறது. துயரத்தைத் துயரமாகவே விடத் தயங்கும் பலவீனம் ஆண்டர்சனிடம் இருந்தது.

அழகற்ற வாத்துக்குஞ்சு

ஆண்டர்சனின் வாழ்க்கைக் கதையாகவே இது கொள்ளப்படுகிறது. பண்ணையில் கொத்தப்பட்டு, துரத்தப்பட்டு, பனிக்கட்டியில் உறைந்த குஞ்சு இறுதியில் தன்னை அன்னமாகக் காண்கிறது. பொறுமையும் உழைப்பும் உயர்வு தரும் என்பதற்கு உதாரணமாகப் பாடநூல்களில் இது காட்டப்படுவதுண்டு. கதை அப்படிச் சொல்லவில்லை. குஞ்சு உழைத்து அன்னமாகவில்லை. அது அன்னத்தின் முட்டையிலிருந்து வந்தது. வாத்து முட்டையிலிருந்து வந்த குஞ்சு எவ்வளவு துன்பப்பட்டாலும் வாத்தாகவே இருந்திருக்கும். பிறப்பே தகுதி என்ற மேட்டுக்குடிப் பார்வையை இக்கதை மறுக்கிறதா, வேறுவழியில் ஏற்கிறதா என்ற கேள்வி நியாயமானது.

டேனிய விமர்சகர் கேயோர்க் பிராண்டஸ் 1869-ல் ஆண்டர்சனைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். ஆண்டர்சனின் கதைகளை இலக்கியமாக முழுமையாக மதிப்பிட்ட முதன்மையான கட்டுரை அது. அதில் அவர் இம்முடிவைக் குறைகூறினார். அத்தனை துயரங்களைத் தாண்டிய பறவை, தோட்டத்துக் குளத்தில் பிறர் எறியும் ரொட்டித்துண்டுகளை உண்ணும் வளர்ப்புப் பறவையாக முடிகிறது என்பது அவருடைய மறுப்பு. அரசர்களின் உதவித்தொகையிலும் செல்வந்தர்களின் விருந்தோம்பலிலும் வாழ்ந்த ஆண்டர்சனின் நிலையையும் இது சுட்டுகிறது.

ஆனால் கதையில் நிலைப்பது முடிவு அல்ல. முட்டையிட முடியுமா, உறுமத் தெரியுமா என்று குஞ்சைக் கேட்கும் கோழியும் பூனையும் நினைவில் நிற்கின்றன. தங்களுக்குத் தெரிந்ததே உலகம் என்று நம்புபவர்களிடம் மாட்டிக்கொண்ட எவரும் அக்காட்சியை அடையாளம் காண்பார்கள்.

தீக்குச்சி விற்கும் சிறுமி, எதற்கும் உதவாதவள்

‘தீக்குச்சி விற்கும் சிறுமி’ 1845 இறுதியில் வெளிவந்தது. நாட்காட்டி ஆசிரியர் ஒருவர் அனுப்பிய படத்துக்காக எழுதப்பட்டது. ஆண்டின் கடைசி இரவில் வெறுங்காலுடன் நிற்கும் சிறுமி தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகக் கொளுத்துகிறாள். அடுப்பும் உணவும் கிறிஸ்துமஸ் மரமும் இறந்த பாட்டியும் அவ்வெளிச்சத்தில் தெரிகின்றனர். காலையில் அவள் உறைந்து கிடக்கிறாள். ஏழையின் சாவை அழகாக்கி வாசகரின் மனச்சாட்சியைத் தணிக்கிறது என்ற குற்றச்சாட்டு இக்கதைமீது உண்டு. பாட்டி அவளை இறைவனிடம் அழைத்துச் செல்லும் பகுதிக்கு அது பொருந்தும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறுநாள் காலை கூடிநிற்பவர்கள் அவள் குளிர்காய முயன்றாள் என்று மட்டும் பேசிக்கொள்கிறார்கள். அந்த இரவில் அவளைக் கடந்து சென்றவர்களும் அத்தகையவர்களே.

1852-ல் வெளிவந்த ‘எதற்கும் உதவாதவள்’ குறைவாகவே வாசிக்கப்படுவது. ஆற்றின் குளிர்ந்த நீரில் நின்று துணி துவைக்கும் பெண் உடல்சூட்டுக்காகச் சாராயம் குடிக்கிறாள். நகரத் தலைவர் அவளை எதற்கும் உதவாதவள் என்று அவள் மகனிடமே சொல்கிறார். ஆண்டர்சனின் தாயும் அப்படித்தான் துவைத்தார், கடைசிக் காலத்தில் குடிக்கு அடிமையானார். இக்கதையில் தேவதைகள் இல்லை, மாயம் இல்லை. தாய் உண்மையிலேயே எதற்கும் உதவாதவளா என்ற மகனின் கேள்வியும், அவள் நல்லவள் என்று பதில்சொல்லும் ஏழைத் தோழியும் இருக்கிறார்கள். தன் வறுமையைத் தேவதைக் கதையாக மாற்றிக்கொண்டே இருந்த ஆண்டர்சன், இங்கே அதை மாற்றாமல் சொன்னார்.

நிழல்

1847-ல் வெளிவந்த ‘நிழல்’ ஆண்டர்சனின் மிக இருண்ட கதை. அறிஞர் ஒருவரின் நிழல் அவரைவிட்டுப் பிரிந்து செல்கிறது. ஆண்டுகள் கழித்துச் செல்வந்தனாகத் திரும்புகிறது. உண்மை, நன்மை, அழகு பற்றி எழுதும் அறிஞரைக் கேட்க ஆளில்லை. பிறர் ரகசியங்களை அறிந்த நிழல் உயர்கிறது. கடைசியில் அறிஞரே நிழலுக்கு நிழலாக இருக்க உடன்படுகிறார். நிழல் இளவரசியை மணக்கிறது, அறிஞர் கொல்லப்படுகிறார்.

இக்கதையில் அறிஞர் நிழலை ஒருமையில் அழைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். நிழல் பணிவான காரணங்கள் சொல்லி மறுக்கிறது, ஆனால் தான் அறிஞரை ஒருமையில் அழைப்பதாகச் சொல்கிறது. 1831-ல் எட்வர்ட் கொலின் தந்த மறுப்பு இங்கே ஆட்சியதிகாரத்தின் முகமாகிறது. சொந்த அவமதிப்பிலிருந்து பொதுவான உண்மையைக் கண்டடையும் ஆண்டர்சனின் ஆற்றலுக்கு இது சிறந்த சான்று.

விமர்சனங்கள்

தத்துவவாதி சோரன் கியெர்ககார்ட் 1838-ல் வெளியிட்ட தன் முதல் நூலில் ஆண்டர்சனின் ‘வெறும் ஃபிடில்காரன்’ நாவலைக் கடுமையாக விமர்சித்தார். ஆண்டர்சனுக்கு வாழ்க்கை குறித்த உறுதியான பார்வை இல்லை, நாவலில் தன் சொந்த மனக்குறையையே எழுதுகிறார் என்பது அதன் சாரம். நாவல்களைப் பொறுத்தவரை இது பெருமளவு சரி. ஆனால் கதைகளில் அந்த மனக்குறை கேலியுடன் கலக்கிறது. தகரச் சிப்பாய்க்கும் ஊசிக்கும் தன் ஏக்கங்களைக் கொடுக்கும்போது ஆண்டர்சன் தன்னையே சற்று விலகிநின்று பார்க்கிறார்.

தண்டனைகளின் கொடுமை மற்றொரு குறை. 1845-ல் வந்த ‘சிவப்புக் காலணிகள்’ கதையில், தேவாலயத்தில் தன் காலணியை நினைத்த ஏழைச் சிறுமி நிற்க முடியாமல் ஆடிக்கொண்டே இருக்கிறாள். கடைசியில் கால்களையே வெட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அழகிய பொருள்மீது ஆசைப்பட்ட ஏழைச் சிறுமிக்கு இத்தண்டனை மிகையானது. உயர்வகுப்பாரின் ஒழுக்கத்தை ஆண்டர்சன் தனக்கெதிராகவே ஏற்றுக்கொண்ட இடம் என்று இதைக் கூறலாம்.

சுருக்கங்களும் மாற்றங்களும்

ஆண்டர்சனின் கதைகள் 1846 முதல் ஆங்கிலத்தில் வெளிவந்தன. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கின்றன. பெரும்பாலான வாசகர்கள் அறிந்திருப்பது சுருக்கப்பட்ட வடிவங்களையே. அவற்றில் முடிவுகள் மாற்றப்படுவதுண்டு. 1989-ல் வெளிவந்த டிஸ்னி நிறுவனத் திரைப்படத்தில் கடற்கன்னி இளவரசனை மணக்கிறாள்.

கதைகள் மாறுவது இயல்பு. ஆண்டர்சனும் பழைய கதைகளை மாற்றியவரே. ஆனால் இம்மாற்றத்தில் இழக்கப்படுவது என்ன என்பது முக்கியம். விரும்பியது கிடைக்காமல் போகலாம், அப்படிப் போனாலும் தீமை செய்யாமல் இருக்க முடியும் என்பது மூலக்கதையின் மையம். துயரம் குழந்தைகளுக்குத் தெரியக்கூடாது என்பது நல்லெண்ணமாக இருக்கலாம். ஆனால் துயரத்தில் வாழும் குழந்தைகளுக்குத் தங்கள் வாழ்க்கையை அடையாளம் காணும் கதைகள் இல்லாமலாகின்றன. துணி துவைக்கும் பெண்ணின் மகன் எழுதிய கதைகளுக்கு அவ்வாறு நேர்வது பொருத்தமற்றது.

இறுதிக்காலம்

ஆண்டர்சன் ஐரோப்பா முழுவதும் பயணம் செய்தார். தீ விபத்துக்கு அஞ்சி, சன்னல்வழி இறங்குவதற்காகப் பயணப்பெட்டியில் கயிறு வைத்திருந்தார். 1857-ல் இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸின் வீட்டில் ஐந்து வாரங்கள் தங்கினார். அந்த நீண்ட தங்கலுக்குப்பின் டிக்கன்ஸ் தொடர்பை நிறுத்திக்கொண்டார். தன்வரலாற்றை ‘என் வாழ்வெனும் கதை’ என்ற பொருள்படும் தலைப்பில் 1855-ல் வெளியிட்டார். 1867-ல் ஓடென்ஸ நகரம் அவரைக் கௌரவக் குடிமகனாக்கியது.

ஆகஸ்ட் 4, 1875-ல் கோபன்ஹேகனுக்கு அருகே மெல்கியோர் குடும்பத்தின் இல்லத்தில் இறந்தார். கோபன்ஹேகனின் அசிஸ்டென்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய பிறந்தநாளையொட்டி 1967 முதல் உலகக் குழந்தைகள் புத்தக நாள் கொண்டாடப்படுகிறது.

இலக்கிய இடம்

ஆண்டர்சன் தேவதைக் கதை என்ற வடிவத்தை நாட்டார் மரபிலிருந்து எடுத்துத் தனிமனிதனின் குரலாக்கினார். எழுத்து மொழிக்கு வெளியே இருந்த பேச்சை இலக்கியமாக்கினார். புறக்கணிக்கப்பட்ட பொருட்களுக்கும் உயிர்களுக்கும் மனிதர்களுக்கும் பேச இடமளித்தார். மேலிருப்பவர்களின் அங்கீகாரத்துக்கான ஏக்கம் அவருடைய கதைகளின் பலவீனம். அந்த ஏக்கத்தின் அவமானத்தை மறைக்காமல் எழுதியது அவற்றின் வலிமை. இரண்டும் பெரும்பாலும் ஒரே கதையில் உள்ளன.

ஆண்டர்சனின் கடைசி ஆண்டில் சிற்பி அவுகுஸ்ட் ஸாபி அவருக்கான சிலையின் மாதிரியைக் காட்டினார். அதில் குழந்தைகள் அவரைச் சூழ்ந்திருந்தனர். ஆண்டர்சன் கோபமடைந்தார். தன் கதைகள் பெரியவர்களுக்கும் உரியவை என்று அவர் வாதிட்டார். 1880-ல் கோபன்ஹேகனின் அரச தோட்டத்தில் திறக்கப்பட்ட சிலையில் குழந்தைகள் இல்லை. கையில் புத்தகத்துடன் தனியாக அமர்ந்து, எதிரே இருப்பவருக்குக் கதை சொல்பவராக அவர் காட்சியளிக்கிறார்.